பிக்அப்பிலிருந்து எஸ்யூவிக்கு: பின் அச்சுக்கு மேலே மாறியவை

பல ஆண்டுகளாக, பின்னால் திறந்த சரக்குத் தொட்டியுள்ள நான்கு கதவு பிக்அப் ஒன்றை ஓட்டிவந்த நான், இப்போது அதே வகைச் சேஸிஸின் (அடிச்சட்டத்தின்) மீது கட்டப்பட்ட நடுத்தர அளவு எஸ்யூவி ஒன்றுக்கு மாறியிருக்கிறேன். இரண்டு வண்டிகளுக்கும் முன்பாதி ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சின், கியர்பெட்டி, முன் சஸ்பென்ஷன், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே, "தொட்டிக்கு மேல் கூரை போட்ட அதே வண்டிதானே, இதற்காகவா மாற வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாற்றம் முழுவதும் பின் அச்சுக்கு மேலேயும் அதைச் சுற்றியுமே நடந்திருக்கிறது என்பதும், ஓட்டும் விதம், பாரம் ஏற்றும் விதம், பயணத்துக்குத் திட்டமிடும் விதம் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரே இடம்தான் தீர்மானிக்கிறது என்பதும் ஓட்டிப் பார்த்த பிறகு நன்றாகவே விளங்குகின்றன.

நண்பர்களின் கேள்விக்கு வரலாற்றிலும் ஆதாரம் உண்டு. 1984-இல் வெளிவந்த முதல் தலைமுறை டொயோட்டா ஃபோர்ரன்னர், ஹைலக்ஸ் பிக்அப்பின் உடலையே எடுத்துக்கொண்டு, அதன் தொட்டிக்கு மேல் கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடியிழைக் கூண்டைப் பொருத்திய வண்டிதான். அடுத்த தலைமுறையில்தான் அதற்கெனத் தனியாக ஒரே உடல் கிடைத்தது. இன்றும் பெரும்பாலான சேஸிஸ் வகை எஸ்யூவிகள் ஒரு பிக்அப்பின் உடன்பிறப்பாகவே பிறக்கின்றன: ஹைலக்ஸுக்கு ஃபார்ச்சூனர், ஃபோர்டு ரேஞ்சருக்கு எவரெஸ்ட், இசுசு டி-மேக்ஸுக்கு எம்யூ-எக்ஸ். ஜீப் கிளாடியேட்டரின் கதை மட்டும் தலைகீழ். அங்கே ராங்கிளர் என்ற எஸ்யூவி முதலில் இருந்தது, பிக்அப் அதிலிருந்து நீட்டி எடுக்கப்பட்டது.

முதலில் நீளத்தைப் பார்ப்போம். ஹைலக்ஸின் முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 3,085 மில்லிமீட்டர். ஃபார்ச்சூனருக்கு அது 2,745. 2022-இல் வந்த ரேஞ்சருக்கு 3,270, எவரெஸ்டுக்கு 2,900. ஏறத்தாழ ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான இந்த வேறுபாடு காகிதத்தில் சிறியதாகத் தெரிந்தாலும், மேடு ஒன்றின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டுமா தட்டாதா என்பதை அதுவே முடிவு செய்கிறது. தரையிலிருந்து வயிற்றின் உயரம் இரண்டு வண்டிகளுக்கும் 220 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு எளிய முக்கோணக் கணக்கைப் போட்டால், 3,100 மில்லிமீட்டர் வண்டி தட்டாமல் கடக்கக்கூடிய முகட்டுக் கோணம் ஏறத்தாழ 16 பாகை, 2,750 மில்லிமீட்டர் வண்டிக்கு ஏறத்தாழ 18 பாகை. பிக்அப்பில் இந்த இரண்டு பாகையைப் பெற வேண்டுமானால், வண்டியை இன்னும் 25 முதல் 30 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டியிருக்கும். எஸ்யூவியில் அது ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் கிடைத்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய வேறுபாடு பின்புறத் தொங்கலில் இருக்கிறது. பிக்அப்பின் தொட்டியில் கணிசமான பகுதி பின் அச்சைத் தாண்டி வெளியே நீண்டு நிற்பதால், பள்ளத்திலிருந்து ஏறி வெளியே வரும்போது பின் பம்பர் மண்ணைக் கொத்திக்கொண்டு வருவது பிக்அப் ஓட்டியவர்கள் அனைவருக்கும் பழகிப்போன ஓசை. ஜீப்பின் கரடுமுரடான தடங்களுக்கான ருபிகான் ரகத்தை எடுத்துக்கொண்டால், நான்கு கதவு ராங்கிளரின் பின்புற விலகு கோணம் (பின் பம்பர் தட்டாமல் வெளியேறக்கூடிய சரிவு) ஏறத்தாழ 37 பாகை, கிளாடியேட்டருக்கு 26 பாகை. முன்புறத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்பதால், 11 பாகையும் பின்புறத்திலேயே போய்விட்டது என்று சொல்லலாம். எல்லா எஸ்யூவிகளிலும் இத்தனை பெரிய லாபம் கிடைக்காது. பலவற்றில் மூன்றாம் வரிசை இருக்கைக்காகப் பின்புறத்தை நீட்டி, பம்பரையும் தாழ்த்தி, இந்த அனுகூலத்தைப் பாதி கரைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது அளவுகோலோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

நீண்ட வண்டிக்கும் சில நன்மைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. செங்குத்தான ஏற்றத்தில் அது எளிதில் மூக்கைத் தூக்காது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதும் கனமான இழுவண்டியை இழுக்கும்போதும் நேர்கோட்டில் நிலையாக நிற்கும். ஆனால் மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் ஒற்றையடித் தடத்தில், பிக்அப்பை முன்னும் பின்னும் அசைத்து மூன்று தடவையில் திருப்பிய திருப்பங்களை எஸ்யூவி ஒரே வீச்சில் திருப்பிவிடுகிறது. சக்கரம் திரும்பும் கோணம் ஒன்றாகவே இருந்தாலும், அச்சுகளின் இடைவெளி 350 மில்லிமீட்டர் குறைந்தால் திரும்பும் ஆரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் சுருங்கும். வாகன நிறுத்தத்தில் மொத்த நீளம் அரை மீட்டர் குறைவாக இருப்பதன் நிம்மதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இனி ஸ்பிரிங். என்னைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தின் மையம் இதுதான். பெரும்பாலான பிக்அப்புகளின் பின்புறத்தில் பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங் இருக்கிறது. ஒரு டன் அளவுக்குப் பாரம் ஏற்றினாலும் வண்டி உட்கார்ந்துவிடக்கூடாது என்ற கணக்கில் அதன் விறைப்பு தீர்மானிக்கப்பட்டிருப்பதால், வெறும் தொட்டியோடு போகும்போது அந்த விறைப்புக்கு ஈடான எடை மேலே இருப்பதில்லை. பின் அச்சின் மீது வெறும் வண்டியில் 700 கிலோவும் முழுப் பாரத்தில் 1,600 கிலோவும் நிற்பதாக வைத்துக்கொண்டால், எடைக்கும் அதிர்வுக்கும் உள்ள வர்க்கமூல உறவின்படி, வெறும் வண்டியின் பின்புறம் ஒன்றரை மடங்கு வேகத்தில் துள்ளும். பாரம் ஏறிய பிறகே வேலை தொடங்கும் துணைப் பட்டையைக் கீழே வைத்து இதைச் சற்றுச் சமாளித்திருக்கிறார்கள் என்றாலும், குண்டும் குழியுமான சாலையில் பின்னிருக்கையில் உட்கார்ந்து வந்தவர்களைக் கேட்டால் அந்தச் சமாளிப்பு எவ்வளவு தூரம் எடுபட்டது என்று தெரிந்துவிடும்.

துள்ளல் சொகுசுக் குறைவு மட்டுமன்று. துள்ளும் சக்கரம் தரையைத் தொடாத கணங்களில் அதற்குப் பிடிமானமும் இல்லை, பிரேக்கும் இல்லை. வெறும் பிக்அப்பில் எடையின் பெரும்பங்கு முன் சக்கரங்களின் மீது இருக்க, உந்து விசையோ பின் சக்கரங்களுக்குப் போகிறது. மழையில் நனைந்த சாலையில் வளைவிலிருந்து வெளியேறும்போது வால் வழுக்குவதற்கு அதுவே காரணம். கற்கள் நிறைந்த தடத்தில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது: லீஃப் ஸ்பிரிங்கில் பாரத்தைத் தாங்குவது, அச்சை அதன் இடத்தில் பிடித்துவைப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் பட்டைகளே செய்வதால், எஞ்சினின் முறுக்கு விசை அதிகமாகும்போது அவை எஸ் வடிவில் வளைந்து, பிறகு விடுபட்டு, சக்கரத்தைத் தத்தித் தத்தித் துள்ளச் செய்கின்றன.

எஸ்யூவியின் பின்புறத்தில் இந்த இரண்டு வேலைகளும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நீளவாட்டில் நான்கு தண்டுகளும் குறுக்கே ஒரு தண்டும் அச்சைப் பிடித்துக்கொள்ள, காயில் ஸ்பிரிங்குகள் எடையை மட்டும் தாங்குகின்றன. அவை தாங்க வேண்டிய பாரமும் குறைவு என்பதால் மென்மையாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. இதன் பலன் தார்ச்சாலையைவிடக் கரடுமுரடான தடத்தில்தான் அதிகம் தெரிகிறது: ஒரு சக்கரம் பாறையின் மீது ஏறும்போது எதிர்ச்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தேடிப் பிடிக்கிறது. பிக்அப்பில் அந்த இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழல, இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலைப் பூட்டும் பொத்தானைத் தேடி என் கை போயிருக்கும். எஸ்யூவியிலும் அந்தப் பூட்டு இருக்கிறது. அதை அழுத்த வேண்டிய தேவைதான் குறைந்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொகுசுக்காக மட்டும் ஒருவர் பிக்அப்பை விடுவதாக இருந்தால், அவர் எஸ்யூவிக்கு வரவேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. நிசான் நவாரா 2014-இல் அறிமுகமான தலைமுறையிலேயே பல ரகங்களில் பின்புறக் காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. ரேஞ்சர் ராப்டர், கிளாடியேட்டர், புதிய டொயோட்டா டகோமாவின் பெரும்பாலான நான்கு கதவு ரகங்கள் ஆகியவையும் அவ்வழியே வந்துவிட்டன. அவற்றில் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. நீளமும் பின்புறத் தொங்கலும் மூடிய உடலும்தான் அதற்குப் பிறகும் எஞ்சி நிற்கும் வேறுபாடுகள்.

மூடிய உடல் என்று சொன்னதும் நினைவுக்கு வருவது, இழந்தவற்றின் பட்டியல். பிக்அப்பின் மிகப் பெரிய வசதி தொட்டியின் கொள்ளளவு அன்று. மனிதர்களுக்கும் சரக்குக்கும் நடுவே நிற்கும் கேபினின் பின்சுவர்தான். சேறு அப்பிய காலணிகள், நனைந்த கூடாரம், கரிபிடித்த அடுப்பு, எரிபொருள் கேன்கள், வெட்டிய விறகு என எதை வேண்டுமானாலும் யோசிக்காமல் தூக்கிப் போட்டு, திரும்பி வந்ததும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கழுவிவிடலாம். எஸ்யூவியில் இவையனைத்தும் நாம் சுவாசிக்கும் அதே காற்றில் நம்மோடு பயணம் செய்கின்றன. பெட்ரோல் கேனை மூடிய கேபினுக்குள் வைப்பது நாற்றத்தோடு நிற்கும் விஷயமில்லை, வெயிலில் ஆவி கசிந்தால் தீப்பற்றும் அபாயமும் சேர்ந்தது. ஆகவே அதற்கு வெளியே ஓர் இடம் செய்தாக வேண்டும். சமையல் எரிவாயு உருளைக்கும் அதே விதிதான். ஈரமானவற்றை மூடியோடு கூடிய பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து வைக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது, ஆனால் அந்தப் பழைய அலட்சியத்தின் சுகம் திரும்பவில்லை.

பின்சுவர் செய்த இன்னொரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன் மீதாவது மோதி நின்றால், கட்டப்படாத பெட்டி அதே வேகத்தில் முன்னோக்கித் தொடரும். அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம். 20 கிலோ எடையுள்ள கருவிப்பெட்டி மூன்றாம் மாடியிலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். பிக்அப்பில் இந்த அடியைத் தொட்டியின் முன்சுவரும் கேபின் சுவரும் வாங்கிக்கொள்ளும். எஸ்யூவியில் பின்னிருக்கைக்கும் சரக்குக்கும் இடையே இரும்புவலைத் தடுப்பு ஒன்றைப் பொருத்துவதும், கனமானவற்றைத் தரையிலுள்ள கொக்கிகளில் பட்டையால் இறுக்கிக் கட்டுவதும் விருப்பத்தைப் பொறுத்தவை என்று நான் கருதவில்லை. வண்டி வாங்கிய பிறகு நான் செய்த முதல் செலவு அந்தத் தடுப்புக்குத்தான். பெரிய டயர்கள் அதற்குப் பிறகே வந்தன.

அடுத்தது எடைக் கணக்கு. இதில்தான் பிக்அப்பிலிருந்து வருபவர்களின் கணிப்பு அதிகம் தவறுகிறது. ஒரு டன் ஏற்றிப் பழகியவருக்கு எஸ்யூவியின் விவரத்தாளில் உள்ள 600, 650 கிலோ என்ற எண்ணும் தாராளமாகவே தோன்றும். 650 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். சராசரியாக 75 கிலோ எடையுள்ள ஐந்து பேர் ஏறினால் 375 போய்விடும், மீதி 275. முன்புற இரும்பு பம்பருக்கு 60, கூரைச் சட்டத்துக்கு 30, பின்புற இழுப்பறைகளுக்கு 50, பொருள்களோடு கூடிய குளிர்பெட்டிக்கு 40, இரண்டாவது பேட்டரிக்கு 25, 40 லிட்டர் தண்ணீருக்கு 40 என்று கூட்டிப் பாருங்கள். 245 ஆகிவிட்டது. ஐந்து பேரின் துணிமணிகள், கூடாரம், படுக்கை, உணவு, மீட்புக் கயிறு, கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எஞ்சியிருப்பது 30 கிலோ. வெறும் வண்டியின் எடையில் எரிபொருளைச் சேர்த்திருக்கிறார்களா, எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் விவரத்தாளின் அடிக்குறிப்பில் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 0.84 கிலோ என்பதால், 80 லிட்டர் எரிபொருள் தொட்டி 67 கிலோவைத் தின்றுவிடும்.

இதற்கு ஒரே வழி தராசுதான். எல்லாவற்றையும் ஏற்றி, எரிபொருளை நிரப்பி, ஆட்களையும் உட்காரவைத்து, லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மொத்த எடை வரம்புக்குள் இருந்து, பின் அச்சின் எடை மட்டும் வரம்பை மீறுவதும் நடக்கும். எடையைக் குறைக்க முடியாதவர்கள் அதைக் கூரைக்குத் தள்ளுவதுண்டு, அது நல்ல தீர்வாகாது. பல எஸ்யூவிகளில் கூரையின் அனுமதி, சட்டத்தின் எடையையும் சேர்த்து 100 கிலோவுக்குள்தான் இருக்கிறது. அதுவும் பக்கவாட்டுச் சரிவில் வண்டி சாய்ந்து நிற்கும்போது, கூரைமேல் உள்ள ஒவ்வொரு கிலோவும் சரிவின் பக்கம் இழுப்பதை ஓட்டுநர் முதுகெலும்பில் உணர்வார். கனமானவை தாழ்வாகவும், பின் அச்சுக்குச் சற்று முன்னாலும் இருக்க வேண்டும். இதற்கு எஸ்யூவியின் அமைப்பு உண்மையில் உதவுகிறது, ஏனெனில் பின்னிருக்கையை மடக்கினால் கிடைக்கும் இடத்தின் பெரும்பகுதி அச்சுக்கு முன்னாலேயே இருக்கிறது.

பிக்அப்பில் நேர் எதிரான நிலை. அதில் பாரம் இயல்பாகவே அச்சைத் தாண்டிப் பின்னால் போய்ச் சேருகிறது. வண்டி பின்னால் தாழ்வதைத் தடுக்க, சேஸிஸுக்கும் அச்சுக்கும் இடையே காற்றுப்பைகளை வைத்துவிட்டு, அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் போன பிக்அப்புகளின் சேஸிஸ் நடுவில் வளைந்துபோவதன் காரணமும் இதுதான். லீஃப் ஸ்பிரிங் தன் பாரத்தைச் சேஸிஸில் முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் பகிர்ந்து இறக்குகிறது. காற்றுப்பையோ அவ்விரண்டுக்கும் நடுவே ஒரே புள்ளியில் முட்டுகிறது. காயில் ஸ்பிரிங் வைத்த சேஸிஸில் பாரம் இறங்கும் இடம் தொடக்கத்திலிருந்தே ஒரே புள்ளியாக இருப்பதால், அந்த இடம் அதற்கேற்ப வலுவாக்கப்பட்டிருக்கிறது. எப்போதும் கூடுதல் எடையோடு ஓடும் எஸ்யூவிக்கு அந்த எடைக்கேற்ற கனமான காயில்களை மாற்றிக்கொள்வது நல்லது. ஆனால் ஸ்பிரிங்கை மாற்றியதால் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை தானாக உயர்ந்துவிடாது; பிரேக், அச்சு, டயர் எல்லாம் பழையபடியே இருக்கின்றன.

நான்கு சக்கர இயக்கத்தைப் பொறுத்தவரை நான் எதிர்பார்த்த அளவுக்கு மாற்றம் இல்லை. ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் இரண்டிலும் லோ ரேஞ்சின் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியரின்) விகிதம் 2.566 தான், ருபிகானின் 4:1 என்ற விகிதம் தனி ரகம். கவனிக்க வேண்டியது, முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் மைய டிஃபரன்ஷியல் உண்டா என்பதுதான். அது இல்லாத வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் போட முடியாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போக, இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால் தண்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். டொயோட்டா பிராடோ போன்ற சில எஸ்யூவிகளில் மைய டிஃபரன்ஷியல் இருப்பதால், சாலை பாதி ஈரமாகவும் பாதி காய்ந்தும் இருக்கும் நாளில் நெம்புகோலைத் தொடாமலே ஓட்டலாம். என் வண்டியில் அது இருக்கிறது. மழைக்காலத்தில் இதைவிடப் பயனுள்ள பாகம் வேறில்லை என்று தோன்றுகிறது. மிட்சுபிஷி ட்ரைட்டனின் சில ரகங்களைப் போல இந்த வசதியுள்ள பிக்அப்புகளும் உண்டு என்பதால், இதை எஸ்யூவிக்கே உரிய சிறப்பாகச் சொல்ல முடியாது.

உறங்கும் இடம் ஒரு சிறிய வெற்றி. நான்கு கதவு பிக்அப்பின் தொட்டி ஒன்றரை மீட்டரை ஒட்டிய நீளமே இருப்பதால், டெயில்கேட்டைத் திறந்துவைத்துக் கால்களை வெளியே நீட்டாமல் படுக்க முடியாது. எஸ்யூவியில் இருக்கைகளை மடக்கிச் சமப்படுத்தினால் ஓர் ஆள் முழுதாக நீட்டிப் படுக்கலாம், மழை பெய்தால் வெளியே இறங்காமல் ஓட்டுநர் இருக்கைக்குப் போய்விடலாம். பிக்அப்புக்குக் கூண்டு போட்டால் போதாதா என்றால், கூண்டின் எடையையும் தொட்டிக்கும் டெயில்கேட்டுக்கும் நடுவே உள்ள இடுக்குகள் வழியே நுழையும் செம்மண் தூசியையும் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது போதும்.

வாரந்தோறும் மணல், சிமெண்ட், கால்நடைத் தீவனம், கட்டுமானப் பொருள் என்று ஏதாவது ஏற்றுபவர்கள் பிக்அப்பை விடக்கூடாது என்பதே என் எண்ணம். எஸ்யூவியின் கம்பள விரிப்பு அந்த வேலைக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. இருசக்கர வண்டியை ஏற்றிச் செல்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். தொட்டி பெரும்பாலான நாள்களில் காலியாகவே கிடக்கிறது, எப்போதோ ஒருமுறைதான் அது நிரம்புகிறது என்றால் கணக்கு வேறு. நான் அந்த எப்போதோ ஒருமுறைக்காகச் சிறிய திறந்த இழுவண்டி ஒன்றைப் பயன்படுத்திக்கொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: இழுவண்டியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மீது அழுத்த வேண்டும், இல்லையென்றால் அது வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். அந்த அழுத்தமும் வண்டியின் பாரக் கணக்கில்தான் சேரும். பாரத்தோடு 700 கிலோ எடையுள்ள இழுவண்டியைப் பூட்டும் நாளில் எஸ்யூவியின் அனுமதியிலிருந்து 70 கிலோவை முதலிலேயே கழித்துவிட்டு, குளிர்பெட்டியையும் தண்ணீரையும் இழுவண்டிக்கே மாற்றிவிடுகிறேன்.